ஓட்டுகிறவனுக்குச் சேதி இல்லை

சமையலறையிலிருந்து கூப்பிட்ட கணவரிடம், "காத்திருந்தமைக்கு நன்றி, உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று நான் பதில் சொன்ன அன்றுதான் என் மகள் முடிவெடுத்தாள். சிங்கப்பூரில் ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். காதில் ஒரு கருவி, கையில் ஒரு கருவி, மேசையில் மூன்று திரைகள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் யாராவது புகார் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அலுவலக அட்டையை ரயில் நிலையக் கதவில் தட்டிவிட்டு, கதவு ஏன் திறக்கவில்லை என்று ஊழியரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். மகள் சொன்னாள்: "அம்மா, உன் தலைக்குள்ளே குப்பை சேர்ந்துபோச்சு. கூட்டணும்."

பெற்ற பிள்ளை வாயில் வருகிற வார்த்தையா இது? கோபம் வந்தது. ஆனால் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலக்காய் மலையில், ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் மனக்கவனப் பயிற்சி முகாம் நடக்கிறதாம். மைண்ட்ஃபுல்னஸ் என்றாள். மனத்தில் சேர்ந்த அடைசலைக் குறைத்து, கையில் இருக்கிற காரியத்தை மட்டும் நினைக்கப் பழக்குவார்களாம். அவளே ஏற்பாடு செய்து அவளே விமானத்திலும் ஏற்றிவிட்டாள்.

போடியில் இறங்கியதும் ஊரை முதலில் தெரிந்துகொண்டது மூக்குதான். கிட்டங்கித் தெருவில் நடந்தால் ஏலக்காய் மணம் சேலையில் ஏறிக்கொள்கிறது. அன்று மாலைக்குள் என் பெட்டியைத் திறந்தால் பாயசம் மணத்தது. ஒரு கடையில் வியாபாரி ஒருவர் கை நிறைய ஏலக்காயை அள்ளினார், ஒன்றைக் கடித்துப் பார்த்தார், மீதியைத் தரையில் வீசினார். அடப்பாவி! எங்கள் ஊர் தேக்கா சந்தையில் சின்னப் பொட்டலம் வாங்குவதற்கே நான் இரண்டு தடவை யோசிப்பேன். தரையெல்லாம் ஏலக்காய். நான் தாண்டித் தாண்டி நடப்பதைப் பார்த்துக் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மிதிங்கம்மா, ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் கூட்டி அள்ளிருவோம்" என்றார்.

முகாமிலிருந்து வரவேண்டிய வண்டி வரவில்லை. கிளட்ச் போய்விட்டதாம். "காலையில் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வரும் பெண்களின் ஜீப்பில் ஏறி வந்துவிடுங்கள், அதுவும் ஓர் அனுபவம்" என்று போனில் ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். வண்டி கெட்டுப்போனால் அதற்கு அனுபவம் என்று பெயர் வைக்கும் சாமர்த்தியத்தை எங்கள் வங்கிக்கும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். வேறு வழியில்லை. அன்று இரவு சால்னாவில் ஊறிய பரோட்டாவைச் சாப்பிட்டுக்கொண்டே அலுவலக மின்னஞ்சல்களைப் படித்தேன். எத்தனை பரோட்டா சாப்பிட்டேன் என்று கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் விடியும் முன்பே பஸ் நிலையத்தருகே ஜீப் நின்றது. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் தூக்குச்சட்டி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சிங்கப்பூரில் இந்த அளவு வண்டியில் ஐந்து பேருக்கு மேல் ஏறினால் போலீஸ் வந்துவிடும். இங்கே என்னையும் என் பெட்டியையும் இடுக்கில் செருகிவிட்டு, இன்னும் ஒருத்திக்கு இடம் இருக்கிறது என்றார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பேச்சியம்மாள். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். ஓட்டுநர் முருகேசன் முப்பதுக்குள். அவன் அவரை அத்தை என்றான், அவர் அவனை மாப்ளே என்றார். சொந்தம் ஒன்றும் இல்லை, ஒரே தெரு. புறப்பட்டதிலிருந்து அவர் அவனை வைதுகொண்டே வந்தார். "மாப்ளே, மெல்லடா. மாட்டைப் பாத்தியா இல்லையா? கண்ணு எங்க இருக்கு, பெடதியிலயா?" அவன் பல்லைக் காட்டினான்.

மலை தொடங்கும் இடம் முந்தல். அங்கே சோதனைச் சாவடியைத் தாண்டி ஜீப்பை நிறுத்தினான். இறங்கிச் சின்னக் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். அப்புறம் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, பின்னால் நீட்டினான். பேச்சியம்மாள் வாங்கித் தன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். எனக்கு வியப்பாக இருந்தது. முகாமில் போனை வாங்கி வைப்பார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள், ஜீப்பிலேயே வாங்குவார்கள் என்று சொல்லவில்லை.

சும்மா இருக்க என்னால் முடியுமா? "தம்பி, கல்யாணம் ஆயிருச்சா? பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டேன்.

ஜீப்பே என் மேல் பாய்ந்தது. "தாயி, வீட்டுப் பேச்சு வேணாம்!" என்று பேச்சியம்மாள் என் தோளை அழுத்தினார். பிறகு மெதுவாக விளக்கினார். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டுகிறவனுக்கு வீட்டுச் சேதி கிடையாது. கெட்ட சேதியும் இல்லை, நல்ல சேதியும் இல்லை. ஊர்ப் பேச்சு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பேசத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுகிறவன் மனசு தன்னால் வீட்டுக்குப் போய்விடும். அவன் வீட்டுச் சேதி எதுவானாலும் முந்தலுக்குக் கீழே. ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவர் வளைவுக்குக் கீழே பள்ளத்தைக் கையால் காட்டினார். நான் எட்டிப் பார்த்துவிட்டு உடனே தலையை இழுத்துக்கொண்டேன்.

ஆக, மலை உச்சியில் இருக்கிற போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஊர்ப் பேச்சுதான். தக்காளி விலை, டிவி நாடகத்தில் மாமியார் செய்த அக்கிரமம், ராசிங்காபுரத்தில் யார் வீட்டுக் கிடாவெட்டில் கறி வேகவில்லை என்பது. நடுநடுவே பேச்சியம்மாளின் வசவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று, தவறாமல்.

முகாமைப் பற்றி நிறைய குறை சொல்ல மாட்டேன். பங்களா அழகாக இருந்தது, பனி வாசல்வரை வந்து போனது. பயிற்சியாளர் பெங்களூரிலிருந்து வந்த இளைஞர். குரலில் ஒரு சுருதி, கோபமே வராத முகம். அப்படிப்பட்ட முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஆளுக்கு ஒரு ஏலக்காயைக் கையில் கொடுத்தார். பாருங்கள், தொடுங்கள், முகருங்கள், மெல்ல மெல்லுங்கள், வேறெதையும் நினைக்காதீர்கள் என்றார். நான் மெல்லத் தொடங்கியதும் இதன் விலை என்ன என்று நினைத்தேன். பிறகு போடிக் கடைத் தரை நினைவுக்கு வந்தது. பிறகு வீட்டில் எரிவாயுவை மூடினேனா என்ற சந்தேகம். அதன் பிறகு, என் இருக்கையில் இப்போது உட்கார்ந்திருக்கும் சுசீலா என் குழுவை என்ன பாடு படுத்துகிறாளோ என்ற பயம். எல்லோரும் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தபோது என் வாயில் சக்கைதான் மிஞ்சியிருந்தது.

"எண்ணம் வந்தால் விரட்டாதீர்கள். வந்ததைக் கவனித்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள்" என்றார் அவர்.

வருவது ஓர் எண்ணமாக இருந்தால் கவனிக்கலாம். எனக்கு வந்ததெல்லாம் திருவிழாக் கூட்டம். அதில் எதைக் கவனிப்பது, எந்த மூச்சுக்குத் திரும்புவது? சாப்பாட்டுக்கு உப்பில்லாத சாமைக் கஞ்சி. கவனமாகச் சாப்பிட்டால் உப்பில்லாதது தெரிகிறது, கவனமில்லாமல் சாப்பிட்டாலும் தெரிகிறது. சமையல்காரர் மலையாளி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வைத்த மீன் கறி பின்கட்டில் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று தம் பாஷையில் காதோடு சொன்னார். அந்த மனிதருக்குப் புண்ணியம் உண்டு.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் தோட்டத்துக்குள் நடந்தேன். ஏலச்செடி என்றால் தொட்டிச் செடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. காய் மட்டும் அடித்தூரில், தரையோடு படர்ந்த சரத்தில். பெண்கள் குந்தியபடியே நகர்ந்து, விளைந்ததை மட்டும் பறித்துப் பிஞ்சை விட்டுவிடுகிறார்கள். வாய் ஓயவில்லை. அந்த டிவி மாமியார் இன்னும் பிடிபடவில்லை போல.

"இவ்வளவு பேசிக்கிட்டே எப்படிக் கவனமா பறிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கவனமா?" என்று சிரித்தாள் செல்வி என்ற இளம்பெண். "கையி பாட்டுக்கு எடுக்கும், வாயி பாட்டுக்குப் பேசும். ஆனா ஒங்க காலப் பாருங்கக்கா."

பார்த்தேன். என் காலில் அட்டை ஏறி, ரத்தம் குடித்துப் பருத்திருந்தது. ஐயோ அம்மா என்று குதித்தேன். பேச்சியம்மாள் இடுப்பு முடிச்சிலிருந்து உப்பை எடுத்துத் தடவினார், அது சுருண்டு விழுந்தது. அப்புறம் தூக்குச்சட்டி மூடியில் பழைய சோறும் கருவாட்டுத் துண்டும் வைத்துக் கொடுத்தார். உப்பு இருந்தது. தேவாமிர்தம்.

அங்கேதான், முருகேசன் இல்லாத இடம் என்பதால், அவன் வீட்டுச் சேதியைச் சொன்னார். மனைவி பாண்டீஸ்வரிக்கு எட்டாம் மாதம். போன தடவை தங்கவில்லை, ஏழாம் மாதத்திலேயே போய்விட்டது. "அதுலருந்து அவனுக்குக் கிறுக்குப் புடிச்சாப்புல. பத்து நிமிசத்துக்கு ஒரு போனு. சாப்டியா, படுத்தியா, வயித்துல அசையுதான்னு. கீழ இருந்தா பரவால்ல. மேட்டுல ஏறுனா போன எங்கிட்டக் கொண்டான்னு வாங்கிருவேன்" என்றார். இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும் என்று அத்தனை பெண்களும் வேண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் வேண்டிக்கொண்டேன்.

முகாமிலிருந்து நான் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பியது என் கோபத்தால்தான். அன்று மௌன நாள். நான் பின்கட்டில் சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்ததைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். "நீங்கள் இன்னும் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார் மென்மையாக. "இல்லை, உங்கள் கஞ்சியோடு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். நல்ல பிள்ளை, வாசல்வரை வந்து போனைத் திருப்பிக் கொடுத்து, வழியனுப்பினார். வண்டிக்குக் கிளட்ச் இன்னும் வரவில்லை. மாலையில் பெண்களோடு அதே ஜீப்பில் ஏறினேன்.

போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எஸ்டேட்டில் சிக்னல் இல்லை, மெட்டுக்கு வந்தால்தான் போனுக்கு உயிர் வரும். என்னுடையது நாலு நாள் பசியோடு கத்தத் தொடங்கியது. மெட்டில் வண்டி நிற்கும்போது மட்டும் ஒரு தடவை பேசப் பேச்சியம்மாள் போனைக் கொடுப்பாராம். முருகேசன் வீட்டுக்குக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான்.

"தூங்குறா போல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, போனைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டு, வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற வாளியோடு போனான்.

அவன் முதுகு திரும்பியதும் பைக்குள் மணி அடித்தது. பேச்சியம்மாள் ஜீப்புக்குப் பின்பக்கம் போய் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். பாண்டீஸ்வரியின் அம்மா. அழுகை எனக்கே கேட்டது. பனிக்குடம் உடைந்துவிட்டதாம், ஆம்புலன்சில் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாதாம்.

பேச்சியம்மாள் போனைத் திரும்பப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். பெண்களிடம் நாலு வார்த்தையில் சொன்னார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர்கிட்டே சொல்லணும்" என்றேன்.

"முந்தல்ல சொல்லிக்கிருவோம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அவர் பெண்டாட்டி, அவர் பிள்ளை. அவருக்குத் தெரியாம நமக்கெல்லாம் தெரிஞ்சிருக்கிறது எந்த ஊர் நியாயம்?"

"சொன்னா என்ன செய்வான் தாயி? பறப்பானா? எறங்குறதுக்கு இந்த ரோடு ஒண்ணுதான். தெரிஞ்சு எறங்குனாலும் தெரியாம எறங்குனாலும் ஒரே தூரம். தெரிஞ்சா வெரசா எறங்குவான். அம்புட்டுத்தான்."

"வேற ஓட்டுநர் யாரும் இல்லையா?"

"மேட்டுல நிக்கிறவனெல்லாம் அவனவன் லோடோட நிக்கிறான். எவன் வருவான்?" அவர் என்னைப் பார்த்தார். "நீ முன்னால உக்காரு. என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும், இவளுக மூஞ்சியும் அவனுக்குப் பழக்கம். ஒன் மூஞ்சி அவனுக்குப் புதுசு. பேசிக்கிட்டே வா. என்னத்தையாச்சும் பேசு."

நான் மறுத்திருக்கலாம். அதற்குள் முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "போன் அடிச்சுச்சா அத்தை?"

"லோன் வேணுமான்னு எவளோ கேட்டா. வேணாம்னுட்டேன்."

நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் வளைவு வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பனி இறங்கியிருந்தது, எதிரே பத்தடிதான் தெரிந்தது. முகாமில் சொன்னபடி மூச்சைக் கவனித்தேன். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே.

"என்னக்கா, மூச்சு வாங்குது? மலை ஒத்துக்கலையா?" என்றான்.

"இல்லப்பா, குளிரு" என்றேன். மூச்சைக் கவனிப்பதை அங்கேயே நிறுத்தினேன். பின்னால் பெண்கள் தக்காளியைத் தொடங்கினார்கள். குரல்கள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் ஒருத்தி முடிக்கும் முன்பே இன்னொருத்தி தொடங்கினாள்.

அவனே எனக்கு வழி காட்டினான். "சிங்கப்பூர்ல காலையில என்னக்கா சாப்புடுவீங்க?"

பிடித்துக்கொண்டேன். காயா ரொட்டியைச் சொன்னேன். தேங்காய்ப் பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டுவது, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பது, ரொட்டியைக் கரியில் வாட்டுவது. இரண்டாம் வளைவில் ஹாரன் அடித்துத் திருப்பினான். கோப்பிக் கடையில் துணி வடிகட்டியை எவ்வளவு உயரத்தில் தூக்கி ஊற்றுவார்கள் என்று கையால் காட்டப் போனேன். கை அவன் கண்ணுக்குக் குறுக்கே போகக்கூடாது என்று நினைவு வந்து மடியில் வைத்துக்கொண்டேன். மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸைச் சொன்னேன். எண்ணெய் புகைய வேண்டும், முதலில் பூண்டு, அப்புறம்தான் மீ.

மேலேறிய லோடு லாரி ஒன்று வளைவில் எங்களைப் பின்வாங்க வைத்தது. பின்சக்கரத்துக்குப் பின்னால் ரோடு எவ்வளவு மிச்சமிருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவன் கண் கண்ணாடிக்கும் ரோட்டுக்கும் போய்ப் போய் வந்தது. நான் பேச்சை நிறுத்தி, லாரி போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். எங்கே விட்டேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது! எத்தனை வருடத்துக்குப் பிறகு!

மீன் தலைக் கறிக்கு வந்தேன்.

"தலையை மட்டுமா கறி வைப்பீங்க? அப்ப ஒடம்ப என்ன செய்வீங்க?"

"அதை வேற யாராவது சாப்பிடுவாங்க."

"நல்ல ஊருக்கா" என்று சிரித்தான். புளியை எவ்வளவு கரைப்பது, வெண்டைக்காயை எப்போது போடுவது என்று அவன் கேட்டான், நான் சொன்னேன். ஒரே ஒரு தடவை, அவன் கன்னத்து மரு கண்ணில் பட்டபோது, பிறக்கப்போகிற பிள்ளைக்கும் அது இருக்குமோ என்று நினைப்பு போய்விட்டது. உடனே வெண்டைக்காய்க்குத் திரும்பினேன். வெண்டைக்காயை வதக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு வெண்டைக்காயைத் தவிர வேறொன்றும் இல்லை. என் கைப்பைக்குள் என் போன் விடாமல் அடித்துக்கொண்டே வந்ததாம். கடைசியில் பொறுக்க முடியாமல் பையை வாங்கி அணைத்து வைத்தாளாம் செல்வி, பிறகுதான் சொன்னாள். பை மடியிலிருந்து போனதே எனக்குத் தெரியவில்லை.

முந்தலில் டீக்கடை ஓரமாக நிறுத்தினான். இஞ்சினை அணைத்தான், கைபிரேக்கை இழுத்தான். பிறகு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"அத்தை, இப்பச் சொல்லு. யாருக்கு என்ன?"

"என்ன மாப்ளே, யாருக்கும் ஒண்ணும்..." என்று தொடங்கினார் பேச்சியம்மாள்.

"பதினேழு வளைவு அத்தை. ஒரு வளைவுல கூட நீ என்னைய வையல. ரெண்டாவதுலயே தெரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏண்டா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருவ. சொன்னா நான் எப்பிடி ஓட்டுறது?"

பேச்சியம்மாள் அழுதுவிட்டார். அழுதுகொண்டே சொன்னார், பனிக்குடம், ஆம்புலன்ஸ், தேனி. அவன் இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். மெட்டிலிருந்தே பேச்சியம்மாள் ரகசியமாகப் போன் போட்டிருந்ததால் அவர் தங்கை மகன் மோட்டார் சைக்கிளோடு அங்கே தயாராக நின்றான். இதுவும் அவர்கள் வழக்கம்தான், சேதி கேட்டவன் வண்டியைத் தொடக்கூடாது. "மெல்லப் போ, ராசா, மெல்லப் போ" என்று தங்கை மகனுக்கும் சொல்லி அனுப்பினார். முருகேசன் பின்னால் உட்கார்ந்ததும் வண்டி போய்விட்டது.

ஜீப்பை எடுக்க இன்னொரு ஓட்டுநர் போடியிலிருந்து பஸ்சில் வரவேண்டும். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். தக்காளி, மாமியார் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். தெரியாதவர்களையும் கூப்பிட்டேன்.

பேச்சியம்மாளின் பைக்குள் மணி அடித்தது.

"ஐயையோ, அவன் போனக் குடுக்க மறந்துட்டோமேடி!" என்று பதறி எடுத்தார். அதே அம்மா. இந்தத் தடவை அழுகையும் சிரிப்புமாக ஒரே குழப்பம். பெண் குழந்தை. சின்னதாக இருக்கிறாளாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம், ஆனால் நன்றாக அழுதாளாம். தாய்க்கு ஆபத்தில்லை.

நாங்கள் போட்ட கூச்சலில் சோதனைச் சாவடிக்காரர் எட்டிப் பார்த்தார். டீக்கடைக்காரர் என்ன ஏது என்று ஓடிவந்து, கேட்டு, சந்தோஷம் தாங்காமல் எல்லோருக்கும் ஓசியில் டீ போட்டார். நான் செல்வியைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமே இல்லை.

செல்வி தன் போனை எடுத்து மோட்டார் சைக்கிள்காரன் எண்ணை அழுத்தினாள். பேச்சியம்மாள் பளீரென்று அவள் கையில் ஒன்று போட்டார்.

"ஓட்டுறவனுக்குப் போன் போடாத!"

"நல்ல சேதிதானே அத்தை!"

"நல்ல சேதிக்கு வண்டி கவுராதா?"

அப்படியே உட்கார்ந்திருந்தோம். முந்தலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பெற்றவனுக்கு மட்டும் தெரியாது. அவன் இந்நேரம் போடியைத் தாண்டியிருப்பான், இந்நேரம் தேனிக்குள் நுழைந்திருப்பான் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் ரோடு முழுக்க என்ன நினைத்துக்கொண்டு போவான் என்பதை யாரும் சொல்லவில்லை.

பஸ்சில் வரவேண்டிய ஓட்டுநர் வருவதற்குள் மறுபடியும் மணி அடித்தது. மாமியாரின் போனிலிருந்து முருகேசன். பேச்சியம்மாள் எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தை, பொண்ணு. கையளவுதான் இருக்கா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு டாக்டரு. ஒங்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன் அத்தை."

"அடியாத்தீ!" என்று கத்தினார் பேச்சியம்மாள், அந்த நொடியில்தான் கேட்டவர் போல. "பொண்ணா! ஏய், கேட்டீங்களாடி, நம்ம மாப்ளைக்குப் பொண்ணு பெறந்துருக்காம்!"

பெண்கள் எல்லோரும் முதல் தடவை போலவே கூச்சல் போட்டார்கள். நானும் போட்டேன். அடுப்படியிலிருந்து டீக்கடைக்காரர், "என்ன, என்ன, என்ன பிள்ளை?" என்று புதிதாகக் கத்தினார்.